மாணவர் விடுதியும் இன்டர்நெட்டும்

2019-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், கோழிக்கோடு ஜில்லா சேளன்னூரிலுள்ள ஒரு கலாசாலையின் பெண்கள் ஹாஸ்டலில் ஒரு புதிய விதி அமுலுக்கு வந்தது. மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையில் அங்கு வசிக்கும் மாணவிகள் செல்போனை உபயோகிக்கலாகாது என்பதே அவ்விதி. அதற்கு முன்னும் அங்கே சுதந்திரம் தாண்டவமாடவில்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரையில் செல்போனுக்குத் தடை இருந்துதான் வந்தது. பட்டப் படிப்பு மாணவிகள் ஹாஸ்டலில் லாப்டாப் கம்ப்யூட்டர் உபயோகிப்பதும் கூடாது என்றிருந்தது. தூங்கும் வேளைக்கு இருந்த தடையைப் படிக்கும் வேளைக்கு மாற்றியதுதான் நிர்வாகிகள் செய்த சீர்திருத்தம்.

இங்கிலீஷ் இலக்கியம் பயின்று வந்த ஒரு மாணவி இவ்விதிக்கு உட்பட மறுத்தாள். மறுத்ததை ஒளிக்கவுமில்லை, நிர்வாகிகளிடம் நேரில் சென்று சொன்னாள். பெற்றோரை அழைத்துப் பேசினார்கள். பெற்றோரும் மகளின் பக்கமே நின்றனர். முடிவில் ஹாஸ்டலை விட்டு வெளியேறும்படி அவளுக்கு உத்தரவாயிற்று. அவள் வீட்டிலிருந்து கலாசாலைக்குத் தினந்தோறும் நெடுந்தூரம் பிரயாணம் செய்து கொண்டே கேரள ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தாள். அவ்வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி நீதிபதி ஸ்ரீமதி பி. வி. ஆஷா தீர்ப்புக் கூறினார். இன்டர்நெட்டைப் பெறும் உரிமை, கல்வி பெறும் உரிமையின் ஒரு பகுதி. அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து அளிக்கும் அந்தரங்க உரிமையின் ஒரு பகுதியுமாகும். அவ்வுரிமையைக் குறைக்கும் விதி சட்டத்தின் முன் நிற்காது என்று அவர் தீர்மானித்தார். மாணவியைத் தாமதமின்றி ஹாஸ்டலில் மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்.

வழக்கு ஒரு மாணவியின் வழக்கு. ஆனால் அதில் எழுந்த கேள்வி, ஊரை விட்டு வந்து படிக்கும் ஒவ்வொரு மாணாக்கனையும் பற்றியது. தீர்ப்பு வெளிவந்து வருஷங்கள் பல சென்றுவிட்டன. அதைப் பாராட்டிப் பேசியவர்கள் அனேகர். அதன்படி தங்கள் ஊர் ஹாஸ்டலில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இதைக் கேட்பதற்காகவே நாம் இவ்விஷயத்தை இன்று எடுத்துக்கொள்கிறோம்.

மாணாக்கனுக்கு இன்டர்நெட் எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நமது தேசத்தில் இன்டர்நெட் முதல் முதலில் வந்து சேர்ந்த இடமே கல்வி ஸ்தாபனங்கள்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். 1986-ல் இந்திய சர்க்காரின் எலெக்ட்ரானிக்ஸ் இலாகா ஆரம்பித்த 'எர்நெட்' என்னும் திட்டத்தின் மூலமாகத்தான் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் முதலில் இணைக்கப்பட்டன. பொது ஜனங்கள் பணம் கொடுத்து வாங்கும் சேவையாக அது வந்தது அதற்கு ஒன்பது வருஷங்களுக்குப் பிறகு, 1995 ஆகஸ்டில். கடைவீதிக்கு வருமுன் கலாசாலைக்கு வந்த பொருளைக் கலாசாலைக்குத் தேவையற்ற கேளிக்கை என்று சொல்வது சரித்திரத்தை மறந்த பேச்சாகும்.

அதற்குப் பின் நடந்தவற்றையும் பார்ப்போம். ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பிரசங்கங்களை யாவரும் கேட்கும்படி செய்த 'என்பிடெல்' திட்டம் 2003-ல் தொடங்கியது. மத்திய சர்க்கார் 2017-ல் 'ஸ்வயம்' என்னும் பாடத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. கலாசாலையில் சேர விண்ணப்பம் செய்வது இன்டர்நெட்டில். உபகாரச் சம்பளத்துக்கு மனுச் செய்வது இன்டர்நெட்டில். பரீட்சைக்குப் பணம் கட்டுவதும் பரீட்சை முடிவைத் தெரிந்துகொள்வதும் அதில்தான். ஆசிரியர் குறிப்புகளை அனுப்புவது செல்போனுக்கு. சர்க்காரும் சர்வகலாசாலையும் ஒரு கதவைத் தவிர மற்ற கதவுகளையெல்லாம் அடைத்துவிட்டன. அந்த ஒரு கதவின் முன்னால் ஹாஸ்டல் வார்டன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஆறு மணிக்குமேல் உள்ளே போகாதே" என்றால் அது என்ன நியாயம்?

இதில் யாருக்கு நஷ்டம் என்பதையும் யோசிக்க வேண்டும். பட்டணத்தில் சொந்த வீட்டிலிருந்து கலாசாலைக்கு வந்து போகும் மாணாக்கனுக்கு இவ்விதிகள் இல்லை. அவன் வீட்டில் கம்பி வழியாக இன்டர்நெட் வருகிறது. மேஜையும் விளக்கும் இருக்கின்றன. எந்த மணிக்கு வேண்டுமானாலும் படிக்கலாம். ஹாஸ்டலில் இருப்பவன் யார்? கிராமத்திலிருந்து வந்தவன். அவன் வீட்டாரில் கலாசாலை வாசலை முதலில் மிதித்தவன் பெரும்பாலும் அவனாகவே இருப்பான். பகல் முழுவதும் வகுப்பு. மாலையில் குளித்து உண்ட பிறகு அவனுக்குக் கிடைப்பது சில மணி நேரம். அவனிடம் இருப்பது ஒரு செல்போன். அதுவே அவனுக்குப் புஸ்தகசாலை, அதுவே அகராதி. இருவரும் எழுதுவது ஒரே பரீட்சை. தேறாவிட்டால் இருவருக்கும் ஒரே தண்டனை. பந்தயத்தில் இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறோம் என்று சொல்லிவிட்டு, ஒருவன் காலை மட்டும் கட்டிவிடுவது தர்மமாகாது.

ஆக்ஷேபணைகள் உண்டு. அவற்றை நாம் அலட்சியம் செய்யவில்லை. மாணாக்கர்கள் படிப்பதற்குப் பதிலாகச் சினிமாவும் விளையாட்டும் வம்பும் பார்த்துப் பொழுதைப் போக்குகிறார்கள் என்பது முதலாவது ஆக்ஷேபணை. இதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டோம். கண் விழித்துச் செல்போன் பார்த்து உடம்பைக் கெடுத்துக் கொள்ளும் பிள்ளைகளை நாமும் அறிவோம். ஆனால் நேரத்தை வீணாக்குவது அவர்களுக்கு மட்டும் உரிய குற்றமா? அவர்களைக் கண்டிக்கும் பெரியவர்களின் செல்போன்கள் இரவில் எந்த மணிக்கு ஓய்கின்றன என்று நாம் கேட்கலாமல்லவா? சிலர் வீண் புஸ்தகம் படிக்கிறார்கள் என்பதற்காகப் புஸ்தகசாலையைப் பூட்டுகிற கலாசாலையை நாம் கண்டதில்லை. சிலர் விளக்கெரித்துச் சீட்டாடுகிறார்கள் என்பதற்காக எல்லோர் அறையிலும் விளக்கை அணைத்தால் நாம் அதைக் கட்டுப்பாடு என்று சொல்லோம். மூடத்தனம் என்றே சொல்வோம்.

பெற்றோர்கள் விரும்புகிறார்கள் என்பது இரண்டாவது ஆக்ஷேபணை. கேரள வழக்கிலும் கலாசாலையார் இதையே சொன்னார்கள். தாய் தகப்பனின் கவலை நமக்குப் புரிகிறது. தூர ஊரில் விட்டுவந்த பிள்ளை கெட்டுப்போகாதிருக்க வேண்டுமே என்று அவர்கள் தவிப்பது இயற்கை. ஆனால் கலாசாலை ஹாஸ்டலில் வசிப்பவர்கள் வயது வந்தவர்கள். எப்பொழுது படிப்பது, எப்படிப் படிப்பது என்று தீர்மானிக்கும் சக்தி அவர்களுக்கு உண்டு. இதைக் கலாசாலையாரும் பெற்றோரும் உணர வேண்டும் என்று ஹைக்கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1989-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 18 வயது நிரம்பியவர்களுக்கு வோட்டுரிமை அளித்தோம். தேசத்தை ஆளும் மந்திரி சபையைத் தேர்ந்தெடுக்கும் யோக்கியதை ஒரு பெண்ணுக்கு உண்டு. மாலை ஏழு மணிக்குத் தன் பாடத்தைத் தேடிப் படிக்கும் யோக்கியதை மட்டும் இல்லை என்பது விசித்திரமான தர்க்கம். யோக்கியதை வந்த பிறகு சுதந்திரம் தருகிறோம் என்று சொல்கிறவர்களின் குரல் நமக்குப் புதிதல்ல. நீந்தக் கற்ற பிறகு தண்ணீரில் இறங்கு என்று சொல்லும் குரல் அது. அதற்கு இத்தேசம் எப்பொழுதோ பதில் சொல்லியாகிவிட்டது.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிய தடை பெண்கள் ஹாஸ்டலுக்கு மட்டுமே போடப்பட்டது என்பது அம்மாணவி எடுத்துக் காட்டிய முக்கிய வாதங்களில் ஒன்று. ஆண் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம், பெண் பிள்ளைகளுக்கு வேறொரு சட்டம் என்பது நம் ஹாஸ்டல்களில் ஊறிப்போன பழக்கம். பெண்கள் ஹாஸ்டலின் வாசற்கதவு அந்தியில் சாத்தப்படுகிறது. அதனால் புஸ்தகசாலை அவளுக்கு எட்டாது; நண்பர்களுடன் கூடி விவாதிக்கும் கூட்டமும் எட்டாது. வெளியே போகக் கூடாதென்று வைத்துவிட்டு, உள்ளே இருந்தபடி வெளியுலகத்தை அறியும் வழியையும் அடைத்தால், அவளுக்கு மிஞ்சுவது நாலு சுவர்களே. பெண் கல்விக்காக மேடைதோறும் முழங்குகிறவர்கள் இந்த நாலு சுவர்களைச் சற்றுச் சென்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கட்டுப்பாடே வேண்டாமென்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஒரே அறையில் மூவர் நால்வர் வசிக்கும் இடத்தில், ஒருவன் நடு இரவில் உரக்கப் பேசினாலும் பாட்டு வைத்தாலும் மற்றவர்களின் தூக்கமும் படிப்பும் கெடும். அதைத் தடுக்க விதி செய்யலாம், செய்யவும் வேண்டும். ஹைக்கோர்ட்டும், பிறருக்குத் தொந்தரவு நேராதபடி மாணவிகள் நடந்துகொள்ள வேண்டுமென்று எச்சரித்திருக்கிறது. ஆனால் சத்தத்தைத் தடுக்கும் விதி வேறு. கருவியைப் பிடுங்கும் விதி வேறு. முன்னது அண்டை அயலாரின் உரிமையைக் காக்கிறது. பின்னது ஒருவருடைய உரிமையையும் காப்பதில்லை. வார்டனின் வேலையைச் சுலபமாக்குவது ஒன்றே அதன் பலன்.

இனி, தீர்ப்பு எட்டாத பாதி விஷயத்துக்கு வருவோம். பிடுங்காதே என்று நியாயஸ்தலம் உத்தரவிட முடிந்தது. ஆனால் கொடுப்பது யார்? விதி ஒன்றும் இல்லாத ஹாஸ்டலிலும் இன்டர்நெட் இல்லாமற்போகலாம். சட்டம் தடுக்காததைச் சுவர் தடுக்கிறது. பழைய கட்டடங்களின் கனத்த சுவர்களைத் தாண்டும்போது ரேடியோ அலைகள் வலுவிழந்துபோகும். வார்டன் அறை வாசலில் ஒரு 'வைபை' பெட்டியை மாட்டிவிட்டு, எங்கள் ஹாஸ்டலில் இன்டர்நெட் உண்டு என்று கலாசாலை விளம்பரத்தில் அச்சிட்டால் போதாது. பெட்டியின் அடியில் நிற்பவனுக்கு அது உண்டு. மூன்றாவது மாடியில் கோடி அறையில் இருப்பவனுக்கு அது வெறும் விளம்பரம்.

ஒரு சாதாரணக் கணக்கைப் பார்ப்போம். 200 பேர் வசிக்கும் ஹாஸ்டலுக்கு வினாடிக்கு 100 மெகாபிட் வரும் கம்பி ஒன்றை வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு அது தாராளம். இரவு ஒன்பது மணிக்கு 200 பேரும் ஒரே சமயத்தில் திறந்தால் ஆளுக்குக் கிடைப்பது அரை மெகாபிட். பாடப் படம் ஒன்று விக்கி விக்கி நிற்காமல் ஓட ஒரு மெகாபிட்டாவது வேண்டும். ஆகவே யாருக்கும் படம் ஓடாது. எல்லோருக்கும் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். 200 பேருக்கு ஒரு குழாயை வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பஞ்சமில்லை என்று சொல்வதற்கு இது சமம். ஆளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுக் கம்பி வாங்க வேண்டும். மாடிதோறும், தாழ்வாரந்தோறும் கம்பியை இழுத்து, சில அறைகளுக்கு ஒரு பெட்டி வீதம் வைக்க வேண்டும். மின்சாரம் போனால் அவை நிற்காதிருக்க ஏற்பாடு வேண்டும். கெட்டால் பழுது பார்க்க ஆள் வேண்டும். இவற்றில் ஒன்றும் வானத்து நட்சத்திரமல்ல. புதிய கட்டடத்துக்கு மின்சாரக் கம்பி போடும்போதே கூடவே போட்டுவிடக் கூடிய காரியம்.

நமது தமிழ் நாட்டு சர்க்கார் மாணாக்கர்களுக்கு இவ்விஷயத்தில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நன்றி கெட்ட பேச்சாகும். 2011-ல் இலவச லாப்டாப் திட்டம் தொடங்கியது. தொற்று நோயினால் கலாசாலைகள் மூடிக் கிடந்து வகுப்புகள் இன்டர்நெட்டில் நடந்த காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் தினம் 2 ஜிபி வீதம் உபயோகிக்கும் டேட்டா கார்டுகளை 9 லட்சத்துக்கு மேற்பட்ட கலாசாலை மாணாக்கர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதாக சர்க்கார் அறிவித்தது. இவை நல்ல காரியங்கள். ஆயினும் இவற்றிலுள்ள குறையையும் சொல்லவேண்டியது நம் கடமை. டேட்டா கார்டு நாலு மாதத் திட்டம். படிப்போ மூன்று வருஷம், நாலு வருஷம். கையில் லாப்டாப்பைக் கொடுத்துவிட்டு அவன் தூங்கும் இடத்தில் இன்டர்நெட் கொடுக்காமலிருப்பது, ஏரைக் கொடுத்துவிட்டு மாட்டைக் கொடுக்காததுபோல்தான்.

2025 ஜூலையில் சர்க்கார் நடத்தும் மாணவர் விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் பெரிது. அப்பெயருக்குத் தக்க காரியங்களில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும் என்று நாம் விரும்புகிறோம். விடுதிக்கு உணவுப் படி எவ்வளவு, படுக்கை எத்தனை என்று கணக்கெழுதுவது போல, ஆளுக்கு எத்தனை மெகாபிட் என்றும் ஒரு பத்தி அந்தக் கணக்குப் புஸ்தகத்தில் ஏற வேண்டும்.

அண்டை ராஜ்யமான கேரளத்தில் 2017-ம் வருஷத்திலேயே இன்டர்நெட் பிரஜைகளின் உரிமை என்று சர்க்கார் பிரகடனம் செய்தது. சர்க்காரே கம்பி இழுத்து ஏழைக் குடும்பங்களுக்கும் சர்க்கார் ஆபீசுகளுக்கும் இன்டர்நெட் அளிக்கும் 'கே-போன்' திட்டம் 2023 ஜூன் 5-ந் தேதி தொடக்கி வைக்கப்பட்டது. உரிமை என்று சொன்ன வருஷத்துக்கும் கம்பி வந்த வருஷத்துக்கும் இடையில் ஆறு வருஷம். உரிமை என்று அறிவித்த அதே ராஜ்யத்தில்தான் ஒரு மாணவி ஏழு மணிக்குத் தன் செல்போனை எடுப்பதற்காக ஹைக்கோர்ட் படியேற வேண்டியிருந்தது. பிரகடனம் ஒன்றினால் மட்டும் காரியம் நடந்துவிடாதென்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

சட்டத்தின் நிலைமையை மிகைப்படுத்திச் சொல்வதும் தவறாகும். கேரளத் தீர்ப்பு வேறு ராஜ்யங்களின் ஹைக்கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது. வழிகாட்டும் அளவில்தான் நிற்கும். 2020 ஜனவரி 10-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட், காஷ்மீர் சம்பந்தமான வழக்கில், இன்டர்நெட் மூலம் கருத்தை வெளியிடவும் தொழில் நடத்தவும் உள்ள சுதந்திரத்துக்கு அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று கூறியது. ஆனால் இன்டர்நெட் பெறுவதே ஓர் அடிப்படை உரிமையா என்ற கேள்வியை அவ்வழக்கில் அது தீர்மானிக்கவில்லை. ஆகையால் மாணாக்கர்கள் கோர்ட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது. மாணவிக்கு ஒரு தீர்ப்புக் கிடைத்தது. ஒவ்வொரு ஹாஸ்டலுக்கும் ஒரு மாணவி வழக்காட வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கலாமா? ஹாஸ்டலை விட்டு வெளியேற்றப்பட்டு, பஸ்ஸில் நாட்களைக் கழித்து, வக்கீலைத் தேடிப் போராட எல்லாப் பெண்களாலும் முடியுமா? எல்லாப் பெற்றோரும் அந்தப் பெற்றோரைப்போல் மகளின் பக்கம் நிற்பார்களா?

ஆகவே செய்யவேண்டியது இன்னதென்று சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். முதலாவதாக, செல்போனையும் லாப்டாப்பையும் மணிக்கணக்கு வைத்துத் தடுக்கும் விதிகள் எந்தக் கலாசாலை ஹாஸ்டலில் இருந்தாலும் அவற்றை ரத்துச் செய்யும்படி சர்வகலாசாலைகள் சுற்றறிக்கை விடவேண்டும். இரண்டாவதாக, அமைதி காக்கும் விதிகளை ஹாஸ்டல் மாணாக்கர்களின் கமிட்டியுடன் கலந்து செய்யவேண்டும். ஆண், பெண் இரு ஹாஸ்டல்களுக்கும் அவை ஒன்றாகவே இருக்கவேண்டும். மூன்றாவதாக, இன்டர்நெட்டுக்கென்று மாணாக்கரிடம் பணம் வசூலிக்கும் கலாசாலை, வாங்கிய பணம் எவ்வளவு, கொடுத்த வேகம் எவ்வளவு என்பதை ஹாஸ்டல் பலகையில் எழுதிப்போட வேண்டும். நான்காவதாக, ஹாஸ்டல் இன்டர்நெட்டைக் கொடுக்கிறோம் என்ற சாக்கில் பிள்ளைகள் எதைப் படிக்கிறார்கள், யாருக்கு எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் வழக்கம் தலையெடுக்கக் கூடாது. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டில் ஸுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது ஹாஸ்டல் வாசலோடு நின்றுவிடுவதல்ல.

நமது நேயர்களில் பொது வேலையில் ஈடுபட்டவர்கள் பலர். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரில் ஒரு மாணவர் விடுதியாவது இருக்கும். ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு, அனுமதி பெற்று, அங்கே போங்கள். மாடியின் கடைசி அறை வரையில் நடந்து செல்லுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், நாளைய பாடத்தைச் செல்போனில் திறந்து காட்டச் சொல்லுங்கள். அது திறந்தால் சந்தோஷமாகத் திரும்பலாம். திறக்காவிட்டால், ஏன் திறக்கவில்லை என்று வார்டனைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைப் பிரின்ஸிபாலிடம் சொல்லுங்கள். அவர் பதிலைச் சட்டசபை அங்கத்தினரிடம் கொண்டு போங்கள். பெரிய கிளர்ச்சி ஒன்றும் வேண்டியதில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கிறதென்று தெரிந்தாலே பாதிக் காரியம் நடந்துவிடும்.

தெருவிளக்கின் கீழ் படித்து முன்னுக்கு வந்தவர்களின் கதைகளை நாம் பெருமையுடன் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அவர்களுடைய ஊக்கம் பெருமைக்குரியதே. ஆனால் அவர்கள் வீட்டில் விளக்கு இல்லாதது ஊராருக்குப் பெருமையல்ல. இன்றைய பிள்ளைகள், கடைசி அறையை விட்டு வெளியே வந்து, வார்டன் அறை வாசலிலுள்ள பெட்டியின் அடியில் குளிரில் நின்று பாடம் படித்தார்கள் என்று நாளை ஒருவர் எழுதும்படி நாம் வைத்துவிடக் கூடாது.